டெனிஸ் லாவை அந்த ஒரு கோலை வைத்தே பேசுவது நியாயமா?

பழையபந்து எழுதியது:

2025 ஜனவரி 17 அன்று ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் டெனிஸ் லா 84 வயதில் இறந்தார். அதன்பின் நான் படித்த அஞ்சலிக் குறிப்புகள் பலவும் ஒரே காட்சியில்தான் தொடங்கின. 1974 ஏப்ரல் 27, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானம். மான்செஸ்டர் சிட்டியின் நீலச் சட்டையில் லா. கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி குதிகாலால் ஒரு தட்டு. பந்து வலைக்குள். "தான் வளர்த்த கிளப்பையே இரண்டாம் டிவிஷனுக்கு அனுப்பியவர்" என்று அடுத்த வரி. அதோடு ஆளை முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் ரொம்ப நாளாகவே எரிச்சல். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர் இவர்தான், 1964இல். ஸ்காட்லாந்துக்காக 55 மேட்சில் 30 கோல். யுனைடெட்டுக்காக 404 மேட்சில் 237 கோல். அந்தக் கிளப்பின் வரலாற்றில் ரூனியும் பாபி சார்ல்டனும் மட்டுமே இவருக்கு மேலே இருக்கிறார்கள். 1963-64 சீசனில் மட்டும் 46 கோல். ஒரே சீசனில் யுனைடெட்டின் வேறு எவரும் அதை இன்னும் தாண்டவில்லை.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பாருங்கள். அபர்டீன் நகரத்து மீனவர் ஒருவரின் ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பா வாரம் முழுக்கக் கடலில். வீட்டில் வறுமை, காலில் ஷூ கிடையாது. படிப்பில் கெட்டி என்பதால் நல்ல பெயருள்ள கிராமர் பள்ளியில் இடம் கிடைத்தும், அங்கே ரக்பிதான் ஆடுவார்கள் என்று தெரிந்ததும் போகவில்லை. ஒரு கண் மாறுகண். வெட்கத்தில் அந்தக் கண்ணை மூடிக்கொண்டே ஆடிப் பழகிய பையன். 15 வயதில் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் அணியின் சோதனைக்கு வந்தபோது மூக்குக்கண்ணாடி, ஒட்டிய கன்னம், குச்சி உடம்பு. அப்போதைய மேனேஜர் ஆண்டி பீட்டி இவனா ஆட்டக்காரன் என்று திகைத்துப்போனாராம். கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது அங்கே சேர்ந்த பிறகுதான். 1956 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், 16 வயதில், முதல் அணியில் இறங்கிவிட்டார். அதற்குள் மேனேஜராகியிருந்த பில் ஷாங்க்லி, பையன் உடம்பு தேற வேண்டும் என்று மாட்டிறைச்சியும் பாலுமாகக் கொடுத்துத் தேற்றியது தனிக்கதை.

இப்படி வந்த ஆளை ஒரு குதிகால் தட்டலுக்குள் அடைத்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலச்சட்டை எழுதியது:

சிட்டி ரசிகன் என்ற முறையில் நான்தான் முதலில் வந்து திட்டு வாங்க வேண்டும் போல.

அண்ணே, அந்தக் கோல் பேசப்படுவதற்குக் காரணம் கோல் இல்லை, அதற்குப் பிறகு அவர் இருந்த இருப்பு. வீடியோவைப் பாருங்கள். கோல் போட்டவர் கொண்டாடவில்லை. கை தொங்குகிறது, தலை கவிழ்கிறது. சக ஆட்டக்காரர்கள் வந்து முதுகில் தட்டுகிறார்கள், அவர் ஏதோ துட்டிக்கு வந்தவர் மாதிரி நடக்கிறார். உடனே வெளியே எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்பது ஒரு சடங்காகிவிட்டது. இவரிடம் அப்படி எந்த ஒத்திகையும் இல்லை. அதனால்தான் 50 வருடம் கழித்தும் அது நிற்கிறது. அதைச் சொல்லாமல் டெனிஸ் லாவைப் பற்றி எப்படி எழுதுவது?

இன்னொன்று, அவர் எங்களுக்கும் சொந்தக்காரர்தான். யுனைடெட்டுக்கு முன்பே, 1960 மார்ச்சில், 55,000 பவுண்டுக்கு எங்களிடம் வந்தவர். அன்றைக்குப் பிரிட்டனில் அதுதான் உச்ச விலை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

யாராவது இதைச் சொல்லியே ஆகவேண்டும்: லாவின் கோல் யுனைடெட்டைக் கீழே இறக்கவில்லை.

அதே நாளில் பர்மிங்ஹாம் சிட்டி, நார்விச்சை 2-1 என்று வென்றது. அதனால் யுனைடெட் சிட்டியை ஜெயித்திருந்தாலும் இறங்கித்தான் இருக்கும். அந்தச் சீசன் முழுக்க அவர்கள் ஆடிய லட்சணம் அப்படி. கோல்கீப்பர் அலெக்ஸ் ஸ்டெப்னி சீசன் நடுவில் பெனால்டி அடித்துக் கோல் போட்டு, கொஞ்ச காலம் அணியின் முன்னணிக் கோல்காரர்களில் ஒருவராக இருந்தார் என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். லா கோல் போட்டதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்தார்கள். யுனைடெட்டின் பழைய மேனேஜர் மேட் பஸ்பி ஒலிபெருக்கியில் கெஞ்சிப் பார்த்தும் அடங்கவில்லை, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார்கள். 1-0 என்ற முடிவு செல்லும் என்று பின்னால் லீக் அறிவித்தது.

லாவின் கோல்களில் எனக்குப் பிடித்த கணக்கு வேறு. 1961 ஜனவரி, எஃப்ஏ கப் (இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பை), லூட்டன் மைதானம், சேறு. சிட்டி இரண்டு கோல் பின்தங்கியிருக்கிறது. லா வரிசையாக ஆறு கோல் போடுகிறார். 6-2. ஆட்டம் முடிய 21 நிமிடம் இருக்கும்போது மைதானம் மோசம் என்று நடுவர் நிறுத்திவிட்டார். மறுபடி ஆடியதில் லூட்டன் 3-1 என்று ஜெயித்தது. சிட்டியின் அந்த ஒரு கோலும் லாவுடையதுதான். ஒரே சுற்றில் ஒரே அணிக்கு எதிராக ஏழு கோல் போட்டுவிட்டுப் போட்டியை விட்டே வெளியேறிய ஆள் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

எஃப்ஏ கப்பில் அவருடைய மொத்தக் கணக்கு 41. பின்னால் இயன் ரஷ் 44 போட்டு அதைத் தாண்டினார். அழிந்துபோன அந்த ஆறையும் சேர்த்தால் 47. சேற்றில் போனது ஆறு கோல் மட்டுமில்லை.

சும்மாவந்தவன் எழுதியது:

நான் இந்தப் பக்கம் புதுசு. ஒரு சந்தேகம். சிட்டியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் ஏன் இத்தாலிக்குப் போனார்? அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் வெளிநாடு போவது சாதாரணமா?

பழையபந்து எழுதியது:

தம்பி, ஒரே வார்த்தையில் சொன்னால் காசு. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1961 ஜனவரி வரை இங்கிலாந்து லீக்கில் ஆட்டக்காரருக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. வாரம் 20 பவுண்டு, அதற்கு மேல் ஒரு பைசா தரக்கூடாது. லாவை 55,000 பவுண்டுக்கு வாங்கிய கிளப், அவருக்குக் கொடுக்க முடிந்தது இந்த 20தான். கைமாறிய தொகையெல்லாம் கிளப்பிலிருந்து கிளப்புக்கு. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகுதான் வரம்பு உடைந்தது. உடைந்த உடனேயே எல்லோருக்கும் கொட்டிக் கொடுத்துவிடவில்லை. இத்தாலியர்கள் பையோடு வந்து நின்றார்கள். அந்தக் கோடையில் டொரினோ 1,10,000 பவுண்டு கொடுத்து லாவை வாங்கியது. அவரோடு ஹிபர்னியனிலிருந்து ஜோ பேக்கரும் போனார். அதே காலத்தில் ஜிம்மி கிரீவ்ஸ் மிலானுக்குப் போய் நான்கே மாதத்தில் திரும்பி ஓடிவந்தார். அதற்கு முன் யுவெண்டஸுக்குப் போயிருந்த வேல்ஸ்காரர் ஜான் சார்ல்ஸ்தான் அங்கே கொடிகட்டிப் பறந்தவர்.

டொரினோவில் லாவுக்கு ஹோட்டலும் சாப்பாடும் வசதியும் நன்றாகத்தான் இருந்தன. ஆட்டம்தான் ஆகவில்லை. முன்வரிசை ஆளை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு அலையும் தற்காப்பு ஆட்டம், ஒரு கோல் போட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் மனோபாவம். 1962 பிப்ரவரியில் பேக்கர் புதிதாக வாங்கிய காரை ஓட்டிப்போய்க் கவிழ்த்தார். பேக்கருக்கு முகமெல்லாம் உடைந்து உயிருக்கே ஆபத்து. உள்ளே இருந்த லா சின்னக் காயங்களோடு தப்பினார்.

கடைசிக் கூத்து ஏப்ரலில், நாப்போலிக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில். நடுவர் லாவை வெளியே அனுப்பினார். அனுப்பச் சொன்னது யார் தெரியுமா? சொந்தப் பயிற்சியாளர் சாந்தோஸ். தான் சொன்னதை மீறி லா ஒரு த்ரோ எடுத்தார் என்று கோபம். இதைக் கேள்விப்பட்டதும் இனி டொரினோவுக்கு ஆடுவதில்லை என்று லா முடிவுகட்டினார். அவரைக் கேட்காமலே யுவெண்டஸுக்கு விற்கப் பார்த்தார்கள் என்று தெரிந்ததும் விமானம் ஏறி அபர்டீனுக்கே போய்விட்டார். அந்தக் கோடையில் பஸ்பி 1,15,000 பவுண்டு கொடுத்து யுனைடெட்டுக்குக் கூட்டிவந்தார். முதல் லீக் மேட்ச், வெஸ்ட் பிராமிச்சுக்கு எதிராக. ஏழாவது நிமிடத்தில் கோல்.

பஸ்பிக்கு இவர் மேல் ஒரு கண் ஹடர்ஸ்ஃபீல்டு காலத்திலிருந்தே உண்டு. 1958இல் ஸ்காட்லாந்து அணியைக் கொஞ்ச நாள் கவனித்தபோது, 18 வயது லாவை வேல்ஸுக்கு எதிராக இறக்கிவிட்டவரும் அவர்தான்.

அரைக்கோடு எழுதியது:

ஆட்டத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே.

லா உயரமானவர் இல்லை. ஐந்தடி ஒன்பது அங்குலம், ஒல்லி. ஆனால் ஹெடருக்கு எழும்பினால் மேலேயே தங்கிவிடுவார். எதிரணியின் நடுத் தற்காப்புக்காரர் எழும்பி இறங்கிக்கொண்டிருக்கும்போது இவர் அப்போதுதான் பந்தைப் பார்ப்பார். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் அரை அடி இடம் கிடைத்தால் போதும். நீளக் கைச்சட்டையின் நுனியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது, கோல் போட்டதும் ஒற்றைக் கையை உயர்த்தி விரலை நீட்டுவது, இரண்டும் இவர் முத்திரை. ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட் ரசிகர்கள் கூடும் ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டில் நின்றவர்கள் இவரைத்தான் ராஜா என்று அழைத்தார்கள். சக ஆட்டக்காரர்களான பாபி சார்ல்டன் மேல் மரியாதை, ஜார்ஜ் பெஸ்ட் மேல் பிரமிப்பு, லா மேல்தான் சொந்தம். டச்சு நாட்டில் பெர்க்காம்ப் குடும்பம், பின்னாளில் பெரிய ஆட்டக்காரரான தங்கள் பையன் டெனிஸுக்கு இவர் பெயரை வைத்ததும் சும்மா இல்லை.

கோபமும் உண்டு. உதைத்தால் திருப்பி உதைப்பார். 1967இல் ஆர்சனலின் இயன் யூரும் இவரும் மோதிக்கொண்டு இருவரும் ஆறு வாரம் தடை வாங்கினார்கள். இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள்! அந்தக் காலத்துத் தற்காப்புக்காரர்கள் பின்னாலிருந்து கணுக்காலை வெட்டுவதை நடுவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், திருப்பி அடித்தவன் மட்டும் மாட்டுவான். அதையும் கணக்கில் எடுங்கள்.

அவரிடம் நான் மிகவும் ரசிப்பது ஸ்காட்லாந்து வெறி. 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த மதியம், இங்கிலாந்து ஜெயிப்பதைப் பார்க்க மனம் இல்லாமல் கோல்ஃப் ஆடப் போனார். அடுத்த வருடம் ஏப்ரல் 15, வெம்ப்ளி. உலக சாம்பியனாகி ஒரு வருடம்கூட ஆகாத இங்கிலாந்து, தொடர்ந்து 19 ஆட்டம் தோற்காத இங்கிலாந்து. முதல் கோல் லா. 3-2. அதில் ஜிம் பேக்ஸ்டர் நடுமைதானத்தில் நின்று பந்தைத் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டினார் இல்லையா, லாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்குக் கோல் வேண்டும். 1961இல் இதே வெம்ப்ளியில் 9-3 என்று வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேக்ஸ்டருக்கு அவர்களைக் கேலி செய்தால் போதும். ஸ்காட்லாந்துக் கால்பந்தின் மொத்தச் சிக்கலும் அந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் இருக்கிறது என்பேன்.

நீலச்சட்டை எழுதியது:

அந்த 3-2இல் ஜாக் சார்ல்டன் காலில் அடிபட்டு, மாற்று ஆள் இறக்க விதி இல்லாததால் நொண்டிக்கொண்டே ஃபார்வர்டாக ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நொண்டிக்கொண்டே ஒரு கோலும் போட்டார்!

அரைக்கோடு எழுதியது:

சொல்லிவிட்டீர்களே. சந்தோஷமா?

பழையபந்து எழுதியது:

நான் முதலில் எழுதிய விஷயத்துக்குத் திரும்புகிறேன். அந்தக் கோலுக்கு முன் இரண்டு கதைகள் இருக்கின்றன. அவை தெரியாமல் அந்தத் தொங்கிய முகம் புரியாது.

ஒன்று, முழங்கால். அறுபதுகளின் நடுவிலிருந்தே வலது முழங்கால் தொல்லை. மருந்தை ஊசியில் ஏற்றி வலியை மரத்துப்போக வைத்து ஆடவிடுவது அன்றைய வழக்கம். கிளப்பும் கேட்கும், ஆட்டக்காரரும் சரி என்பார். விளைவு, 1968இல் யுனைடெட் தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று தூக்கிய இரவில், லா மான்செஸ்டரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முழங்கால் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக ஆடியவர், அதற்கு மேல் முடியவில்லை. அந்த அணியை அந்த இடம் வரை கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. படங்களில் மட்டும் அவர் இல்லை.

இரண்டு, கிளப் அவரை நடத்திய விதம். 1966 கோடையில் புது ஒப்பந்தத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கேட்டுக் கடிதம் எழுதினார், தராவிட்டால் வேறு கிளப்புக்கு விடுங்கள் என்றார். பஸ்பி அவரை டிரான்ஸ்ஃபர் பட்டியலில் போட்டுப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார். லா ஊரிலிருந்து வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பிறகு சத்தமில்லாமல் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள் என்று பின்னாளில் லாவே சொன்னார். கிளப்பின் ராஜாவுக்கே இந்த கதி.

1973இல் யுனைடெட்டின் மேனேஜர் டாமி டோச்சர்ட்டி. இத்தனைக்கும் அவரை மேனேஜராக எடுக்கலாம் என்று பரிந்துரைத்தவர்களில் லாவும் ஒருவர். கௌரவமாக ஓய்வு பெற வைப்போம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்ததாக லா நம்பினார். அபர்டீனில் இருந்தபோது, தன்னை இலவச டிரான்ஸ்ஃபரில் விடுவித்துவிட்டார்கள் என்பதை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். 11 வருடம் ஆடிய கிளப்.

அப்படித்தான் சிட்டிக்குத் திரும்பினார், அப்படித்தான் அந்த ஏப்ரல் மதியம் நீலச் சட்டையில் நின்றார். சிலர் அதைப் பழிவாங்கல் என்று எழுதுகிறார்கள். பழிவாங்கியவனின் முகமா அது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

டோச்சர்ட்டி விஷயத்தில் ஒரு பின்கதை. அவருடைய பழைய ஆட்டக்காரர் வில்லி மோர்கன் டிவியில் அவரை மட்டமான மேனேஜர் என்று திட்ட, டோச்சர்ட்டி அவதூறு வழக்குப் போட்டார். 1978இல் விசாரணை. கூண்டில் நிறுத்திக் குடைந்ததில், லாவின் டிரான்ஸ்ஃபர் பற்றித் தான் சொன்னது பொய் என்று டோச்சர்ட்டியே ஒத்துக்கொள்ள, வழக்கு கவிழ்ந்தது. பிறகு பொய்ச்சாட்சி வழக்கு அவர் மேலேயே பாய்ந்து, 1981இல் விடுதலையானார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

நீலச்சட்டை எழுதியது:

இது எனக்குத் தெரியாத சங்கதி, நன்றி.

ஆனால் பழையபந்து அண்ணே, சிட்டியில் அவர் கடைசியாக ஆடிய சீசனை ஒரேயடியாகச் சோகமாக்காதீர்கள். திரும்பி வந்த முதல் மேட்சிலேயே இரண்டு கோல். லீக் கப் இறுதி வரை போனோம், வுல்வ்ஸிடம் தோற்றோம். அந்தக் கோடையில் மேற்கு ஜெர்மனியில் உலகக் கோப்பை. ஸ்காட்லாந்து 16 வருடம் கழித்துத் தகுதி பெற்றிருந்தது. 34 வயதில் லா தன் முதல் உலகக் கோப்பை ஆட்டத்தை டார்ட்முண்டில் ஸயருக்கு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எதிராக ஆடினார், 2-0 வெற்றி. அதுவே கடைசி சர்வதேச ஆட்டமும். ஸ்காட்லாந்து ஒரு மேட்சும் தோற்காமல் கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. அந்த ஸயரை யூகோஸ்லாவியா 9-0 என்று அடித்தது, ஸ்காட்லாந்து இரண்டோடு நிறுத்திக்கொண்டது. ஆகஸ்டில் லா ஓய்வை அறிவித்தார்.

சும்மாவந்தவன் எழுதியது:

அப்புறம் என்ன செய்தார்? மேனேஜர் ஆனாரா?

அபர்டீன்வாசி எழுதியது:

இல்லை, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் தலைமுறையில் பெயர் பெற்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஆயுளைக் குறைத்துக்கொண்டார்கள். இவர் மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். ரேடியோவிலும் டிவியிலும் ஆட்டத்தை அலசுவது, விருந்துகளில் பழைய கதை பேசுவது. கலகலப்பான பேச்சு, தன்னையே கிண்டல் செய்துகொள்வார். மான்செஸ்டர் பக்கமே மனைவி டயானாவோடும் ஐந்து பிள்ளைகளோடும் தங்கிவிட்டார். மகள் பிற்காலத்தில் யுனைடெட்டின் பத்திரிகைத் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தார். 2003இல் புரோஸ்டேட் புற்றுநோய் வந்து சிகிச்சையில் மீண்டார்.

நான் வேலை நிமித்தமாக இந்த ஊருக்கு வந்தவன், எண்ணெய்க் கம்பெனி. அபர்டீன் கிளப்புக்காக அவர் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. ஆனாலும் இந்த ஊர் அவரைத் தன் பிள்ளையாகத்தான் பார்க்கிறது. அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. அதன் முக்கிய வேலை ஸ்ட்ரீட்ஸ்போர்ட் என்ற திட்டம். சாயங்காலங்களில் வசதி குறைந்த பகுதிகளுக்கே போய்ப் பிள்ளைகளை இலவசமாக ஆட வைக்கிறார்கள். 2014இல் அவர் பெயரில் ஒரு சின்ன மைதானம் திறந்தார்கள். யோஹான் க்ரைஃபின் அறக்கட்டளை உலகமெங்கும் அமைக்கும் தெருமைதானங்களில் ஒன்று அது. க்ரைஃபே திறப்புக்கு வந்திருந்தார். பிறகு வேறு பேட்டைகளிலும் அதே மாதிரி மைதானங்கள் வந்தன.

குடியிருப்புச் சுவர்களில் "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்று மாநகராட்சி போர்டு மாட்டியிருப்பதை லா கடுமையாக எதிர்த்தார். தெருவில் ஆடித்தான் அவர் ஆட்டக்காரர் ஆனார், வேறு எப்படி இருப்பார்?

2016இல் சிபிஇ என்ற பிரிட்டிஷ் அரச பட்டம் கொடுத்தபோது, தன் ஆட்டத்துக்கு மட்டுமில்லாமல் இந்தத் தொண்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். 2017இல் அபர்டீன் நகரம் தன் உயர்ந்த கௌரவத்தைக் கொடுத்தது. 2021 நவம்பரில் நகர மையத்தில் சிலை. அதைத் திறந்துவைக்க அவரே வந்தார். நோய் இருப்பதை உலகுக்குச் சொல்லி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

என்னைக் கேட்டால் பழையபந்து சொல்வதிலும் ஒரு குறை இருக்கிறது. 1974ஐ விட்டுவிட்டு 1964ஐப் பேசு என்கிறீர்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரியாது. அவர்களுக்கு டெனிஸ் லா என்பது பள்ளி விட்டதும் ஓடும் ஒரு கம்பிவேலி போட்ட மைதானத்தின் பெயர்.

பழையபந்து எழுதியது:

இதற்குப் பதில் யோசித்து எழுதுகிறேன்.

சும்மாவந்தவன் எழுதியது:

நோய் என்றால் டிமென்ஷியாவா? அந்தக் காலத்துத் தோல் பந்தைத் தலையால் முட்டியதுதான் காரணம் என்று எங்கேயோ படித்தேன். லா நிறைய ஹெடர் போட்டவர் என்று மேலே எழுதியிருக்கிறீர்களே?

மருந்துச்சீட்டு எழுதியது:

இந்தத் துறையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2021 ஆகஸ்டில் லா தனக்கு அல்சைமர் நோயும், மூளை ரத்தநாளக் கோளாறால் வரும் டிமென்ஷியாவும் சேர்ந்து இருப்பதாக அறிவித்தார். மறைத்து வைக்காமல், மூளை மங்குவது தனக்கே தெரிகிறது, ஞாபகம் கைவிடுகிறது, அது வேதனையாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர் தன் வாயாலேயே சொல்வது அபூர்வம். பெரும்பாலும் குடும்பத்தார்தான் பிறகு சொல்வார்கள்.

இனி காரணம். கிளாஸ்கோவில் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் குழு 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரையும், அதே வயதும் வசதியும் உள்ள பொதுமக்கள் சுமார் 23,000 பேரையும் ஒப்பிட்டார்கள். மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம். அதே ஆய்வில் இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் அவர்கள் இறப்பது குறைவு என்பதும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 2021இல் ஆடும் இடத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். தற்காப்புக்காரர்களுக்கு ஆபத்து மிக அதிகம், சுமார் ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. நீண்ட காலம் ஆடியவர்களுக்கு ஆபத்தும் கூடுதல். ஹெடர்மேல் சந்தேகம் விழுவது இதனால்தான்.

தோல் பந்து விஷயத்தில் ஒரு திருத்தம். காய்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். மழையில் நனைந்தால் தோல் பந்து கனக்கும், ஆனால் மெதுவாகப் போகும். இன்றைய பந்து கனக்காது, வேகம் அதிகம். ஆகவே அது பழங்காலத்துப் பிரச்சினை, இப்போது தீர்ந்துவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது.

லா என்ற தனி மனிதருக்கு ஹெடரால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டத்தின் கணக்கை வைத்து ஒருவருடைய காரணத்தைச் சொல்ல முடியாது. அடிபட்டுச் சிதைந்த மூளைதானா என்பது இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான் உறுதியாகும்.

அரைக்கோடு எழுதியது:

டாக்டர் சொல்வது சரி, ஆனால் பெயர்களை வரிசையாக வைத்தால் நெஞ்சு திக்கென்கிறது. செல்டிக்கின் பில்லி மெக்நீல், 1967இல் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய முதல் பிரிட்டிஷ் கேப்டன், டிமென்ஷியாவோடு 2019இல் போனார். கார்டன் மெக்குவீன் 2023இல். அவர் மூளையைப் பரிசோதித்ததில் அடிகளால் வரும் சிதைவு இருந்தது. யுனைடெட்டில் லாவோடு ஆடிய நாபி ஸ்டைல்ஸ், பாபி சார்ல்டன். ஒரே டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து எத்தனை பேர்!

கால்பந்துச் சங்கங்கள் செய்தது என்ன? இங்கிலாந்தில் முன்னாள் ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்ல் இறந்தபோது, 2002லேயே, மரண விசாரணை அதிகாரி இது தொழிலால் வந்த நோய் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஸ்காட்லாந்தில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடர் வேண்டாம் என்று சொன்னது 2020இல். பெரியவர்களுக்கு, மேட்சுக்கு முந்தின நாளும் மறுநாளும் ஹெடர் பயிற்சி வேண்டாம் என்றது 2022இல். நடுவில் 18 வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

முழங்காலில் ஊசி போட்டு ஆடவிட்டதும் இதே மனப்பான்மைதான். இன்றைய மேட்ச் முக்கியம், 60 வயதில் நீ எப்படி நடப்பாய் என்பது உன் பாடு.

மருந்துச்சீட்டு எழுதியது:

அதில் எனக்கு மறுப்பு இல்லை. நிரூபணம் முழுமையாகும் வரை காத்திருப்பது ஆராய்ச்சியாளன் வேலை. பிள்ளைகளைப் பாதுகாக்க அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

பழையபந்து எழுதியது:

அபர்டீன்வாசிக்குப் பதில்.

நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஒரு மாற்றத்தோடு. மைதானத்தின் பெயராக இருப்பது நல்லதுதான், ஆனால் பெயர் யாருடையது என்று அங்கே ஆடும் பிள்ளை ஒருநாள் கேட்கும். அப்போது யூட்யூபில் தேடினால் முதலில் வருவது அந்த 1974 காட்சி. சோர்ந்த முகத்தோடு ஒரு கிழவர் போலத் தெரியும் 34 வயதுக்காரர். அந்தப் பிள்ளைக்கு நான் காட்ட விரும்புவது 1963 எஃப்ஏ கப் இறுதி. லெஸ்டருக்கு எதிராக, பெட்டிக்குள் முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, ஒரே சுழலில் திரும்பி அடிக்கும் கோல். அன்றைக்கு யுனைடெட் 3-1 என்று ஜெயித்தது, யுனைடெட் ஆட்டக்காரர்கள் பலர் இறந்த 1958 மியூனிக் விமான விபத்துக்குப் பிறகு அவர்களுடைய முதல் கோப்பை. அதே வருடம் அக்டோபரில் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக உலக அணி ஆடியது. டி ஸ்டெஃபானோ, யூசேபியோ, புஷ்காஸ், யாஷின் எல்லாம் இருந்த அணி. அவர்கள் போட்ட ஒரே கோல் லாவுடையது.

ஓல்ட் டிராஃபோர்டுக்கு வெளியே பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரும் தோளோடு தோள் நிற்கும் சிலை இருக்கிறது, 2008இல் வைத்தது. லாவின் கை உயர்ந்து விரல் நீண்டிருக்கும். பெஸ்ட் 2005இல் போனார், சார்ல்டன் 2023இல், கடைசியாக இவர். சிலை செய்தவருக்கு எந்த லாவைச் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. ஸ்காட்லாந்துக்கு அதிகக் கோல் என்ற சாதனையில் கென்னி டால்கிலிஷும் இவரும் 30 கோலோடு சமம். ஆனால் டால்கிலிஷுக்கு அதற்கு 102 மேட்ச் தேவைப்பட்டது, லாவுக்கு 55. நார்வேக்கு எதிராக ஒருமுறை, வட அயர்லாந்துக்கு எதிராக ஒருமுறை, ஒரே மேட்சில் நான்கு கோல். ஆகவே ஸ்காட்லாந்தின் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் லாதான் என்று இந்த இழையை முடித்துவைக்கலாமா?

நீலச்சட்டை எழுதியது:

வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறீர்கள்.

அரைக்கோடு எழுதியது:

டால்கிலிஷ் கோல் போட்டதை விடப் போட வைத்தது அதிகம். நடுமைதானத்துக்கு இறங்கி வந்து ஆடும் ஆளையும் பெட்டிக்குள் வாழும் ஆளையும் மேட்ச் கணக்கை வைத்து ஒப்பிடுவது என்ன கணக்கு? தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.